பிறேமுக்குள் பற்றறி வைத்த மின் சைக்கிள் யாழ்ப்பாணத்துக்குச் சரிவருமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். தம்பிக்கு வீடு சுன்னாகத்தில், வேலை யாழ்ப்பாண நகரில். போக வர நாளுக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். சனி, ஞாயிறில் வேலணையில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் பண்ணைப் பாலத்தால் போக வேண்டும். ஜேர்மனியில் இருக்கும் அண்ணா, பற்றறி வெளியே தெரியாமல் பிறேம் குழாய்க்குள்ளேயே மறைந்திருக்கும் புது மாதிரி மின் சைக்கிளின் படம் ஒன்றை அனுப்பி, ஆடியில் வரும்போது கொண்டு வரவா என்று கேட்டிருக்கிறார். 625 வாட் மணி (பற்றறி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு) பற்றறி, பெடல் அச்சில் மோட்டர், விலையும் பெரிய விலை. வாங்கலாமா?

மின் சைக்கிள் வாங்குங்கள். அந்தச் சைக்கிளை வாங்காதீர்கள். ஏன் என்பதைத்தான் இனி வடிவாகச் சொல்லப் போகிறேன். நான் திருநெல்வேலியில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இன்வேட்டர், யூபிஎஸ் திருத்தும் வேலையோடு தொடங்கி, இப்போது மின் சைக்கிள் பற்றறிகளும் வாரத்துக்கு இரண்டு மூன்று மேசைக்கு வருகின்றன. நானும் தினமும் ஒன்றில்தான் ஓடுகிறேன்.

முதலில் அந்த வடிவம் எப்படி வந்தது என்று பார்ப்போம். பழைய மின் சைக்கிள்களில் ஈய அமிலப் பற்றறி சீற்றுக்குப் பின்னால் கரியரில் பெட்டி மாதிரி இருக்கும். பாரம் முழுவதும் பின்னுக்கு. கான்டிலைப் பிடித்து உருட்டும்போதே ஆடும். லிதியம் அயன் வந்ததும் பற்றறி தண்ணீர்ப் போத்தல் அளவுக்குச் சிறுத்து, கான்டிலின் அடியிலிருந்து பெடல் அச்சுக்குச் சரிந்து வரும் கீழ்க்குழாயின் மேல் ஏறி உட்கார்ந்தது. அடுத்த படியில் அந்தக் குழாயையே அகலமாக்கி, பற்றறியை அதற்குள் விட்டார்கள். ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் 2015இல் ரேர்போ லேவோ என்ற மலைச் சைக்கிளை அப்படி வெளியிட்டது. 2017இல் பொஷ் நிறுவனம் பவர்ரியூப் என்று குழாய்க்குள் போகும் 500 வாட் மணிப் பற்றறியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஐரோப்பாவில் பல கம்பனிகளும் அந்த வழிக்கு வந்துவிட்டன.

இதில் உண்மையான நன்மைகள் உண்டு. பாரம் கீழேயும் நடுவிலேயும் இருப்பதால் வளைவில் சைக்கிள் சொன்னபடி கேட்கும். கள்ளன் கண்ணுக்குப் பற்றறி உடனே தெரியாது. வயர்கள் உள்ளே ஓடுவதால் கிளையில் கொழுவி அறுவதில்லை. அழகும் ஒரு காரணம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாள்தோறும் ஏறுகிற வாகனம் கண்ணுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

சரி, குழாய்க்குள் என்ன இருக்கிறது? 18650 என்ற கலங்கள். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், ஏறத்தாழப் பெருவிரல் தடிப்பு. ஒரு கலம் 3.6 வோல்ற். பத்தைத் தொடராகக் கோர்த்தால் 36 வோல்ற். 3.5 அம்பியர் மணிக் கலங்களில் நான்கைச் சமாந்தரமாகச் சேர்த்தால் 14 அம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் 504 வாட் மணி. ஆக 500 வாட் மணி என்று எழுதியிருக்கும் பற்றறிக்குள் பொதுவாக 40 கலங்கள் இருக்கும், 625 என்றால் 50. இப்போது 21 மில்லிமீற்றர் விட்டமும் 70 மில்லிமீற்றர் நீளமும் உள்ள 21700 கலங்களும் வருகின்றன. ஒன்று 5 அம்பியர் மணி வரை கொடுக்கும் என்பதால் அதே 40 கலத்தில் 720 வாட் மணி கிடைத்துவிடும். 1000 வாட் மணி என்பது எங்கள் மின்சாரப் பட்டியலில் ஒரு யூனிற். 500 வாட் மணிப் பற்றறியை முழுதாக ஏற்ற, சார்ஜரில் சூடாகப் போகும் இழப்பையும் சேர்த்து, அரை யூனிற்றுக்குச் சற்று மேல் போகும். அவ்வளவுதான் செலவு.

இந்தக் கலங்களை உள்ளே வைத்திருக்கும் விதத்தில்தான் சைக்கிளுக்குச் சைக்கிள் வித்தியாசம். நான் பார்த்த அளவில் மூன்று வகை. ஒன்றில் குழாயின் பக்கத்தையோ அடியையோ நீளவாக்கில் வெட்டித் திறந்து, பற்றறியைப் பொருத்தி, மேலே மூடி போடுவார்கள். திறப்பைத் திருப்பினால் பற்றறி கையில் விழும். குழாயை வெட்டினால் அதன் உறுதி குறையும் என்பதால் சுற்றியுள்ள அலுமினியத்தைத் தடிப்பாக்கியிருப்பார்கள். அதனால் பிறேம் கொஞ்சம் பாரம். இரண்டாவது வகையில் குழாய் முழுதாகவே இருக்கும், பற்றறியைப் பெடல் அச்சுக்குக் கிட்ட உள்ள கீழ் வாயால் இழுத்து எடுக்க வேண்டும். உறுதி கூட, ஆனால் எடுக்கும்போது சைக்கிளைச் சரிக்கவோ படுக்கவைக்கவோ வேண்டி வரும். மூன்றாவது வகை மிகவும் மெலிந்தது. ஜேர்மன் நிறுவனமான மாலேயின் எக்ஸ்35 என்ற அமைப்பு அப்படி: பின் சில்லில் சின்ன மோட்டர், குழாய்க்குள் ஏறத்தாழ 250 வாட் மணிப் பற்றறி, எல்லாம் சேர்த்தே மூன்றரைக் கிலோ அளவு. பார்த்தால் சாதாரண ஓட்டச் சைக்கிள் என்றே நினைப்பீர்கள். ஆனால் பற்றறியை வெளியே எடுக்கப் பெடல் அச்சைக் கழற்றும் வேலை இருக்கும். தினமும் எடுப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு முதலாவது வகையைத்தான் நான் சொல்வேன். காரணம் எங்கள் மழை, எங்கள் வெயில், எங்கள் உப்பு.

போன கார்த்திகையில் கொக்குவிலில் இருந்து ஓர் ஆசிரியை தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளிணைப்புப் பற்றறி, அதாவது குழாய்க்குள் இருப்பது, அடியில் மூடி. முதல் நாள் ஒழுங்கையில் முழங்காலுக்குக் கீழே நின்ற வெள்ளத்துக்குள்ளால் ஓடியிருக்கிறார், அடுத்த நாள் கறன்ட் வரவில்லை. நான் மூடியின் இரண்டு ஆணிகளைக் கழற்றியதும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குக் கலங்கல் தண்ணீர் கொட்டியது, அதோடு மணலும் ஒரு வேப்பிலையும். பற்றறிப் பெட்டி உள்ளே நனையவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பற்றறியும் பிறேமும் சந்திக்கிற இடத்தில் இருக்கும் செப்பு முனைகள் நான்கில் இரண்டு பச்சையாகப் பூத்திருந்தன. ஒரே நாளில் வந்த பச்சை இல்லை அது. மாதக்கணக்காகக் கடற்காற்றில் இருந்த ஈரப்பதனில் தொடங்கியது, வெள்ளம் முடித்து வைத்தது. குழாயின் அடியில் தண்ணீர் வடிய விடவேண்டிய சின்னத் துளையைச் சேறு அடைத்திருந்தது. துளையை ஊசியால் குத்திவிட்டு, முனைகளை மதுசாரத்தால் துடைத்து, மெல்லியதாக மின்முனைக் கிறீஸ் பூசினேன். ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பற்றறி திறப்பால் கழறாத வகையாக இருந்திருந்தால் அரை நாள் வேலையாகி, ஒருவேளை முனையே எரிந்திருக்கும்.

ஆகவே கடையில் பார்க்கும்போது பற்றறியைக் கழற்றச் சொல்லி, வெறும் குழாய்க்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் வடியும் துளை இருக்கிறதா, மூடியைச் சுற்றி றப்பர் ஓரம் இருக்கிறதா, சார்ஜ் ஏற்றும் வாய் எங்கே இருக்கிறது? பெடல் அச்சுக்குக் கிட்ட வைத்திருந்தால் முன்சில்லு எறியும் சேறு நேரே அதில்தான் படும். மேலே, கான்டில் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஐபிஎக்ஸ்4 என்று எழுதியிருந்தால் நாலாபக்கமும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று அர்த்தம், வெள்ளத்தில் இறக்கலாம் என்று அர்த்தமில்லை. ஐபி67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புதுப் பொருளில் செய்யப்படுவது. உப்பு ஏறிய பழைய றப்பருக்கு அந்த இலக்கம் பொருந்தாது.

அடுத்தது வெயில். லிதியம் கலத்துக்குக் குளிரை விடச் சூடு கெடுதல், அதிலும் முழுச் சார்ஜோடு சூட்டில் கிடப்பது மிகக் கெடுதல். கறுப்பு நிறப் பிறேம் பங்குனி, சித்திரை வெயிலில் மதியம் நின்றால் தொட முடியாமல் சுடும், உள்ளே இருக்கும் பற்றறியும் மெதுவாக அந்தச் சூட்டுக்குப் போய்விடும். நல்லூர்த் திருவிழாவுக்குச் சைக்கிள் நிறுத்தும் வளவுகளை நினைத்துப் பாருங்கள், நூற்றுக்கணக்கான சைக்கிள் ஒன்றோடொன்று சாய்ந்து வெயிலில் நிற்கும். பற்றறியைக் கழற்றித் தோள்பையில் போட முடிந்தால் நீங்கள் கவலையில்லாமல் சாமி கும்பிடலாம். பெரும்பாலான உற்பத்தியாளர்கள் 40 அல்லது 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்றே எழுதுகிறார்கள். வெயிலால் வந்ததும் வயரைக் குத்தாமல், விறாந்தையில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஏற்றுங்கள். நாளாந்தப் பாவனைக்கு 80 வீதம் போதும். பண்ணைப் பக்கம் போகும் நாளில் மட்டும் நிரப்புங்கள். நிறம் தெரிவு செய்யக் கிடைத்தால் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல்.

இனி மோட்டருக்கு வருவோம். அண்ணா அனுப்பிய சைக்கிளில் பெடல் அச்சிலேயே மோட்டர். 85 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை. அது அல்ப்ஸ் மலையில் ஏறுவதற்குச் செய்த மோட்டர். அதன் முழுப் பலமும் செயின் வழியாகத்தான் சில்லுக்குப் போகிறது, எனவே செயினும் பல்லுச் சில்லும் விரைவாகத் தேயும். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லில் தட்டையாகக் கிடக்கும் நிலம். சுன்னாகத்தில் இருந்து காங்கேசன்துறை வீதியால் நகருக்கு வரும் வழியில் உங்களுக்கு ஏற்றம் என்று சொல்லக்கூடியது மதவுகள் மட்டும்தான்.

எங்களுக்கு மலையின் இடத்தில் இருப்பது காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் அடிக்கும் நாட்களில் பண்ணையில் இருந்து மண்டைதீவுப் பக்கம் ஒருமுறை ஓடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு பனை கூட இல்லை. போன ஆனியில் பின்னேரம் நான்கு மணிக்கு நான் அதில் போனேன். நகருக்குள் 24, 25 என்று காட்டிய மீற்றர் பாலத்தில் ஏறியதும் 19க்கு இறங்கியது. மோட்டர் எடுக்கும் சக்தி 120 வாட்டில் இருந்து 280க்கு ஏறியது. சேட் முதுகில் பலூன் மாதிரி ஊதி நிற்கிறது. பக்கத்தில் சாதாரண சைக்கிளில் மீன்கூடை கட்டிய ஐயா ஒருவர் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டு வந்தார். எனக்கு மோட்டர் உதவி செய்கிறது, அவருக்கு அதுவும் இல்லை. மின் சைக்கிளின் பெறுமதி எனக்கு வடிவாக விளங்கியது அந்த இடத்தில்தான்.

இதைக் கணக்காகவே காட்டலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். நிமிர்ந்து இருந்து, காற்றில்லாத நேரம், மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடக் காற்றுத்தடைக்கு ஏறத்தாழ 120 வாட், ரயர் உருளும் தடைக்கு ஏறத்தாழ 55 வாட். மொத்தம் 175. எதிரே மணிக்கு 18 கிலோமீற்றரில் காற்று அடித்தால் அதே வேகத்துக்கு 400 வாட்டுக்கு மேல் வேண்டும். 250 வாட் மோட்டரும் உங்கள் கால் தரும் 70, 80 வாட்டும் சேர்ந்தாலும் அது எட்டாது, வேகம் தானாகக் குறையும். வேகத்தை நீங்களாகவே 15க்குக் குறைத்தால் தேவை 160 வாட்டுக்கு இறங்கிவிடும். என் கணக்கில் நகருக்குள் காற்றில்லாமல் மிதித்துக்கொண்டு ஓடினால் கிலோமீற்றருக்கு 5 தொடக்கம் 7 வாட் மணி. சோளகத்தை எதிர்த்து 20இல் போனால் 12, 13. அதே காற்றில் 15இல் போனால் 7, 8. பற்றறி இறங்கும் நேரம் வந்தால் மெதுவாகப் போங்கள், அது வீடு கொண்டு போய்ச் சேர்க்கும். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆக உங்கள் நாளாந்த 20 கிலோமீற்றருக்குத் தேவை 100 தொடக்கம் 150 வாட் மணி. 400 தொடக்கம் 500 வாட் மணிப் பற்றறி இரண்டு மூன்று நாளுக்குப் போதும், வேலணைக்குப் போய் வரவும் காணும். 625 என்பது தேவையில்லாத பாரம், தேவையில்லாத காசு. சோளகத்துக்கும் பின் சில்லில் பல்லுச் சக்கரம் வைத்த 250 வாட் மோட்டர் தாராளமாகப் போதும். அதன் உள்ளே ஒருவழிக் கிளச் இருப்பதால் பற்றறி முடிந்தாலும் மோட்டர் இழுக்காமல் மிதிக்கலாம். 25 கிலோச் சைக்கிளைக் கறன்ட் இல்லாமல் மிதிப்பது கஷ்டம் என்று வெளிநாட்டு ஆட்கள் எழுதுவார்கள். 1990களில் பெற்றோல் இல்லாமல் முழுக் குடாநாடும் சைக்கிளில் ஓடியது, கறன்ட் இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோதும் மூலையில் கிடந்த சைக்கிளைத்தான் துடைத்து எடுத்தோம். இந்த மண்ணில் சைக்கிளுக்கு இருக்கும் இடம் பெரியது. அந்தச் சைக்கிளுக்கு ஒரு நல்ல மோட்டர் கிடைப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோசம். அதனால்தான் பிழையான ஒன்றை வாங்கி, ஒரு வருடத்தில் கொட்டிலில் போட்டுவிடாதீர்கள் என்று இவ்வளவு எழுதுகிறேன்.

மோட்டர் எப்போது உதவ வேண்டும் என்று சொல்லும் உணரி இரண்டு வகை. மலிவானது பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். நீங்கள் சும்மா சுற்றினாலும் முழுப் பலத்தோடு தள்ளும், கஸ்தூரியார் வீதி நெரிசலில் அது ஆபத்து. மற்றது நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளந்து அதற்கேற்ப உதவும், சொந்தக் காலுக்குப் பலம் கூடியது போலவே இருக்கும். விலை கூட என்றாலும் இதை எடுங்கள். ஐரோப்பிய விதிப்படி மோட்டர் 250 வாட்டுக்குள், உதவி மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் போலக் கையால் முறுக்கும் துரொட்டில் உள்ளதை வாங்க நினைத்தால், காசு கொடுக்க முன்னர் பதிவும் இலக்கத் தகடும் தேவையா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாதிரியின் விபரத்தைக் காட்டிக் கேளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான விசயம். பற்றறிக்குள் கலங்கள் மட்டும் இல்லை, அவற்றைக் காவல் காக்கும் ஒரு மின்பலகையும் உண்டு. எந்தக் கலமும் அளவுக்கு மேல் ஏறாமல், அளவுக்குக் கீழ் இறங்காமல், சுடாமல் பார்ப்பது அதன் வேலை. சாதாரண அமைப்புகளில் அது அத்தோடு நிற்கும். கூட விலைச் சைக்கிள்களில் அந்தப் பலகை மோட்டரோடு கதைக்கும். பொஷ் மோட்டர் பொஷ் பற்றறியைத் தவிர வேறு எதையும் ஏற்காது. பாதுகாப்புக்கு அது நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் 500 தொடக்கம் 1000 முழுச் சுற்றுகளில் எந்தப் பற்றறியும் இளைத்துத்தான் போகும். அன்றைக்கு இங்கே அதைப் பரிசோதிக்கும் மென்பொருள் யாரிடம் இருக்கிறது, அதே பற்றறி எங்கே கிடைக்கும்? கதைக்காத சாதாரண 36 வோல்ற் பற்றறி என்றால் என்னைப் போன்ற ஒருவர் கலங்களை அளந்து, பழுதான தொகுதியை எடுத்து, நிக்கல் பட்டியைப் புள்ளி வெல்டிங் செய்து திருப்பிக் கட்டித் தரலாம்.

இது கற்பனைப் பயம் இல்லை. நெதர்லாந்தின் வான்மூஃப் நிறுவனம் பற்றறியைப் பிறேமுக்குள் அடைத்து, பல பாகங்களைத் தனக்கென்றே செய்து, கைத்தொலைபேசியால் பூட்டுத் திறக்கும் மிக அழகான சைக்கிள் விற்றது. 2023 ஆடியில் அது வங்குரோத்தானது. பிறகு இன்னொரு நிறுவனம் வாங்கி நடத்துகிறது என்றாலும், அந்த நாட்களில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் பாகத்துக்கும் திருத்தத்துக்கும் பட்ட பாடு பெரிது. அம்ஸ்ரடாமில் இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால் சுன்னாகத்தில் இருப்பவருக்கு? ஐரோப்பிய ஒன்றியமும் இதை உணர்ந்துதான் 2023/1542 இலக்க ஒழுங்குவிதியில், 2027 மாசி 18 முதல் இப்படியான வாகனப் பற்றறிகளையும் அவற்றின் தனிக் கலங்களையும் சுயாதீனத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதன் பிறகு வரும் மாதிரிகள் எங்களுக்கு இன்னும் உதவும் என்று எதிர்பார்க்கிறேன்.

அண்ணா கொண்டு வருவது பற்றி: சைக்கிளை விமானத்தில் போடலாம், பற்றறியைப் போட முடியாது. பயணிகள் பொதியில் 100 வாட் மணி வரையான லிதியம் பற்றறி சரி, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு சரி, அதற்கு மேல் கைப்பையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. 625க்கு இடமே இல்லை. பற்றறி இல்லாமல் கொண்டு வந்து இங்கே ஒன்று வாங்கிப் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். குழாயின் வடிவத்துக்கு அளந்து செய்த, மோட்டரோடு கதைக்க வேண்டிய பற்றறி இங்கே கடையில் தொங்காது. கப்பலில் அனுப்புவதானால் ஆபத்தான பொருள் என்று முறையாக அறிவித்து, லிதியம் பற்றறிகளைப் பாதுகாப்பாக அனுப்புவதற்கான யூஎன் 38.3 சோதனைச் சான்றிதழோடு அனுப்ப வேண்டும். உடுப்புப் பெட்டிக்குள் சுற்றி மறைத்து அனுப்பச் சொல்லி யாரும் யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கொள்கலனுக்குள் அது தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை.

இன்னொரு சின்ன விசயம், பலர் ஏமாறும் இடம். ஜேர்மன் சைக்கிளில் 28 அங்குலம் என்று எழுதியிருக்கும். எங்கள் அப்பாமார் ஓடிய பெரிய சைக்கிளும் 28 அங்குலம்தான். ஆனால் ஐரோப்பியச் சில்லின் ரயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீற்றர், எங்கள் பழைய 28 × 1½ ரயருக்கு 635. ஒன்றுக்கு ஒன்று ஏறாது. ரயரின் ஓரத்தில் இருக்கும் அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்தே மாற்று ரயர் தேடுங்கள். கிடங்கு வீதிக்கு 40 மில்லிமீற்றருக்குக் குறையாத அகலம் வேண்டும். செயினுக்குப் பதிலாக வார் போட்ட சைக்கிள்களும் வருகின்றன. எண்ணெய் வேண்டாம், உப்பும் பிடிக்காது, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அறுந்தால் அந்த வார் ஊரில் இல்லை, செயின் என்றால் எந்தச் சந்தியிலும் உண்டு. ஐதரோலிக் பிறேக் இருந்தால் அதற்குள் என்ன எண்ணெய் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷிமானோவுக்குக் கனிம எண்ணெய். அதில் கார் பிறேக் எண்ணெய் ஊற்றினால் உள்ளே றப்பர் ஊதிக் கெட்டுவிடும். திரை, செயலி, ஜிபிஎஸ் எல்லாம் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

சார்ஜ் ஏற்றும் இடத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். நியூயோர்க் நகரில் 2023இல் மட்டும் லிதியம் பற்றறிகளால் 268 தீவிபத்துகள், 18 பேர் இறந்தார்கள். இப்படியான தீவிபத்துகள் கூடியதால்தான் அங்கே யூஎல் 2849 தரச் சான்று இல்லாத மின் சைக்கிளை விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பொருந்தாத சார்ஜர், அடிபட்ட பற்றறி, தரம் தெரியாத கலம், இவைதான் வழக்கமான காரணங்கள். 36 வோல்ற் பற்றறிக்கு 42 வோல்ற் சார்ஜர், 48 வோல்ற்றுக்கு 54.6. முனை பொருந்துகிறது என்பதற்காக ஒன்றின் சார்ஜரை மற்றதில் குத்தக் கூடாது. கிடுகுக் கொட்டிலுக்குள், படுக்கைக்குப் பக்கத்தில், வாசலை மறித்து வைத்து ஏற்ற வேண்டாம். சீமெந்துத் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றுங்கள். 14 அம்பியர் மணிப் பற்றறி வெறுமையில் இருந்து நிரம்ப 2 அம்பியர் சார்ஜரில் ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், 4 அம்பியரில் அதன் பாதி. இடி முழங்கும் பின்னேரத்தில் ரீவி வயரைக் கழற்றுவது போல இதையும் கழற்றிவிடுங்கள்.

அப்படியானால் உங்களுக்கு என்ன? பின் சில்லில் 250 வாட் மோட்டர், அழுத்தத்தை அளக்கும் உணரி, 36 வோல்ற்றில் 12 தொடக்கம் 14 அம்பியர் மணி, திறப்பால் பக்கத்தாலோ மேலாலோ கழறும் உள்ளிணைப்புப் பற்றறி, சாதாரணச் செயின். உள்ளிணைப்பு கிடைக்காவிட்டால் கீழ்க்குழாயின் மேல் பூட்டும் ஹைலோங் வகைப் பெட்டி உள்ளதை எடுங்கள். அழகு கொஞ்சம் குறைவு, ஆனால் அந்தப் பெட்டியும் அடித்தட்டும் தனியாக வாங்கலாம், திருத்தலாம்.

அண்ணாவிடம் காசை அனுப்பச் சொல்லுங்கள், அல்லது வரும்போது நல்ல ஹெல்மற் ஒன்று, ரயர் இரண்டு, பிறேக் பாட் நான்கு சோடி கொண்டு வரச் சொல்லுங்கள், அவற்றுக்கு விமானத்தில் தடை இல்லை. சைக்கிளை இங்கே பார்க்கப் போகும் அன்று ஒரு மல்ரிமீற்றர் கொண்டு போங்கள். முழுச் சார்ஜ் என்று கடைக்காரர் சொல்லும் 36 வோல்ற் பற்றறி 42க்குக் கிட்டக் காட்ட வேண்டும். பிறகு ஒரு பத்து நிமிடம் காற்றுக்கு எதிராக ஓடி வந்து திரும்ப அளவுங்கள், 40க்குக் கீழே விழுந்திருந்தால் பழைய கலமாக இருக்கலாம். பற்றறியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபலைப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.